ஏழாம் தேதி பெயிண்ட்

ஜூன் 3, செவ்வாய்

அமெரிக்காவிலிருந்து பார்சல். கோவைக்கு வந்த யாரோ ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி லோகநாயகிக்கு ஸ்வெட்டர். உடுமலைப்பேட்டையில் ஸ்வெட்டர். அவள் அதைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒரு கையடக்கக் கருவி. உள்ளங்கை அகலம்தான். நாள், நேரம், விலாசம், செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் அதில் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் எழுதி வைத்துக்கொள்ளலாமாம். அதைக் கணினியோடு சேர்க்க ஒயரும், உட்கார வைக்கத் தொட்டில் மாதிரி ஒரு தட்டும் கூடவே இருந்தன.

அனுப்பியவன் அந்தப் பையன். என் மகள் தாரணியைக் கட்டிக்கொண்டவன், வங்காளி. போன வருஷம் இரண்டு பேரும் அங்கேயே ஏதோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் எங்களுக்குப் போட்டோ அனுப்பினார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாக அம்மணியம்மாள் திருமண மண்டபத்தின் மேனேஜர். ஊரார் பெண்களுக்கெல்லாம் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பந்தி பார்த்து அனுப்புகிறவன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தாரணியோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதையும் எழுதப்போவதில்லை.

கருவியைத் திருப்பி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். தபால் செலவு அதிகமாகும்.

ஜூன் 5, வியாழன்

கருவியின் கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருந்தது. குச்சியால் தட்டித் தட்டி நம் நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் நியூயார்க் என்று ஊர்ப் பெயர் இருக்கிறது. தொட்டால் ஊர்களின் பட்டியல் வருகிறது. மாற்றவில்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கிறது, யாருக்கு என்ன தொந்தரவு.

ஜூன் 9, திங்கள்

முதலாளியைப் பார்த்து, இனிமேல் மண்டபத்தின் பதிவுகள் எல்லாம் கணினியிலும் கருவியிலும்தான் என்று சொல்லிவிட்டேன். "பழைய நீள நோட்டு?" என்றார். அது இனி வேண்டியதில்லை என்றேன். இருபத்திரண்டு வருஷத்து நோட்டுகளைக் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. முதலாளி என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஒயர் கணினியில் சேரவில்லை. பூங்கோதை மேஜைக்கு அடியில் அரை மணி நேரம் தவழ்ந்தாள். பூங்கோதை எங்கள் அலுவலகத்தில் கணினி பார்க்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரி, ஆனால் அது தனக்குத் தெரியும் என்பதுதான் அவளிடம் உள்ள குறை.

"பிரிண்டரைக் கழட்டுனாத்தாங் சார் இதைச் சொருக முடியும். ரெண்டுல ஒண்ணுதான்."

பிரிண்டரைக் கழற்றினோம். ஒரு கல்யாண வீட்டுக்காரர் ரசீதுக்காக வந்து நின்றார். பிரிண்டரை மாட்டினோம். அவர் போனதும் கழற்றினோம். இப்படியே சாயங்காலம் ஆயிற்று.

ஜூன் 12, வியாழன்

முதல் தடவையாக இரண்டும் சேர்ந்தன. சிங்க் என்று சொல்கிறார்கள். தொட்டிலில் கருவியை உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினால், இதில் இருப்பது அதற்கும், அதில் இருப்பது இதற்கும் போய்விடும். போயிற்று. என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள் இருந்தன. இப்போது நானூற்றிருபத்துநான்கு. சமையல்காரர், நாதஸ்வரக்காரர், பூக்காரர் எல்லோரும் இரண்டு இரண்டு பேர். பந்தல்காரர் பழனிசாமி ஒருவரையே சமாளிக்க முடியவில்லை, இப்போது இரண்டு பழனிசாமி.

சரி செய்யலாம் என்று மறுபடி அழுத்தினேன். அறுநூற்று முப்பத்தாறு.

"சார், கையை எடுங்க," என்றாள் பூங்கோதை.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு லோகநாயகிக்கு போன் வரும். நான் அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உள்ள செம்பருத்திக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். இன்று இரண்டு குடம் விட்டேன். அங்கே வெயிலாம். அந்தப் பையனுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காதாம். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பேரும் மூன்று வாரம் இங்கே வருகிறார்களாம்.

போனை வைத்துவிட்டு லோகநாயகி வெளியே வந்தாள். "ஏனுங், அவங்க வர்றப்போ நம்ம மண்டபத்துல ஒரு வரவேற்பு வெச்சா என்னங்?"

"கையெழுத்துப் போட்டவங்களுக்கு எதுக்கு மண்டபம்? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சுக்கச் சொல்லு," என்றேன். நன்றாகச் சொன்னதாக எனக்குத் தோன்றியது. அவள் உள்ளே போய்விட்டாள். செம்பருத்திக்கு இன்னொரு குடம் விட்டேன்.

ஜூன் 16, திங்கள்

செப்டம்பர் 7, ஞாயிறு, ஆவணி வளர்பிறை முகூர்த்தம். அன்று மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்து, கருவியில் அந்த நாளில் எழுதிவிட்டேன். நேரம் போடவில்லை, நாள் முழுவதும். இந்தக் கருவியில் ஒரு வசதி. ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் தனியாகக் குறிப்பு எழுதலாம். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. கருவி என் சட்டைப்பையில் இருப்பதால் வேறு யாரும் பார்க்கவும் முடியாது. தமிழ் வராது, ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். பெயிண்ட் சம்பந்தமான சில விவரங்களை எழுதி வைத்தேன்.

இந்த நாட்குறிப்பை லோகநாயகி படிப்பாளோ என்று ஒரு சந்தேகம் உண்டு. ஆகவே பெயிண்ட் விவரங்களை இங்கே எழுதவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சிங்க் ஆனதும் பூங்கோதை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், ஏழாந்தேதி முகூர்த்த நாளுங்களே. அன்னிக்கா பெயிண்ட்?"

"அன்னிக்குத்தான் பெயிண்டர் கிடைக்கிறான்."

"ஓகோ." கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாள். "பெயிண்டருக்கு எத்தனை இலை போடச் சொல்லட்டுங் சார்?"

இவளுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைவு.

ஜூன் 24, செவ்வாய்

நான் முதலாளி தோப்புக்குப் போயிருந்த நேரத்தில் அரிசி ஆலை நஞ்சப்பன் வந்து, தன் மகன் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டாராம். பூங்கோதை கணினியில் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை என்பதுதானே இந்த ஏற்பாட்டின் அழகு. தொட்டிலில் வைத்தேன், அழுத்தினேன், வந்துவிட்டது. செப்டம்பர் 3, இரவு எட்டரை, நஞ்சப்பன்.

மூன்றாம் தேதி இரவு எட்டரைக்கு என்ன கல்யாணம் என்று கொஞ்சம் யோசித்தேன். தாலி கட்டுவதைக் கோயிலில் வைத்திருப்பார்கள், இங்கே வரவேற்பு மட்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

டாக்டர் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மறந்துவிடக் கூடாது என்று பூங்கோதையிடம் சொல்லி நேற்றே கணினியில் போடச் சொன்னேன். கருவி தினமும் மணி அடித்து நினைவுபடுத்தும். செம்பருத்தி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. விமானச் சீட்டு எடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 7, திங்கள்

காலை பத்தரைக்குக் கருவி கூவியது. மாத்திரை நேரம். இரவு எட்டு மணிக்கு என்று டாக்டர் சொன்னதாக எனக்கு நினைவு. பூங்கோதையிடமும் அப்படித்தான் சொன்னேன் என்று நினைவு. ஆனால் ஐம்பத்தாறு வயது ஆளின் நினைவு பெரிதா, அமெரிக்கக் கருவி பெரிதா? போட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

அலுவலகத்தில் காற்றே வருவதில்லை. பதினொரு மணிக்கெல்லாம் கண்ணைச் சொக்குகிறது.

ஜூலை 11, வெள்ளி

பழனி பேருந்தில் பால் சொசைட்டி மயில்சாமி பக்கத்தில் உட்கார்ந்தார். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் பயம். மனிதர் கண் கலங்கிப் பேசினார்.

"என்ற பொண்ணுக்கு நாலாந்தேதி முகூர்த்தம் குறிச்சிருக்குதுங். ஏழரைக்கு மேல ஒன்பதுக்குள்ள. ஒரே பொண்ணுங். எட்டு மண்டபம் ஏறி எறங்கீட்டேன். எங்கியுமே இல்லீங்."

சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்தேன். குச்சியை உருவினேன். பேருந்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். செப்டம்பர் 4 வெறுமையாக இருந்தது. மூன்றாம் தேதி இரவு நஞ்சப்பன் வரவேற்பு, பதினொன்றுக்குள் முடிந்துவிடும்.

"முந்தின நாளே வந்து தங்கோணுங்களா?" என்று கேட்டேன். வழக்கமாக முந்தின நாள் மதியமே மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள்.

"வேண்டாங். பொண்ணு அழைப்பெல்லாம் ஊட்டுலயே வெச்சுக்கறோம். விடிஞ்சு வந்தாப் போதுங்."

கன கச்சிதம். பேருந்திலேயே பதிந்து கொடுத்தேன். மயில்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு மடத்துக்குளம் வரை விடவில்லை. இதையெல்லாம் அந்த நீள நோட்டில் செய்ய முடியுமா? ஒரு நிமிஷம், அந்தப் பையன்மேல் நல்ல அபிப்பிராயம் வந்தது. மடத்துக்குளத்தில் போய்விட்டது.

ஜூலை 12, சனி

பூங்கோதை சிங்க் செய்துவிட்டு, "நாலாந்தேதி சாயந்தரத்துக்கு மயில்சாமின்னு போட்டிருக்கறீங்களா சார்? நல்லாப் பொருத்தமா அமைஞ்சிருக்குதுங்," என்றாள். எனக்கு அப்போது கண்ணைச் சொக்கிக்கொண்டிருந்தது. சாயந்தரம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. மயில்சாமிக்குக் காலையில்தான் முகூர்த்தம், இவளுக்குக் காலை மாலை தெரியாதது மாத்திரையிலேயே தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஆடி மாதம். கல்யாணம் இல்லை, பத்திரிகை கொடுக்கவும் யாரும் வரமாட்டார்கள். மண்டபத்தில் நானும் பூங்கோதையும் புறாக்களும்தான்.

"சார், அந்தப் பெயிண்டர் சைவமா அசைவமாங்?" என்று இன்று காரணமே இல்லாமல் கேட்டாள். பெயிண்டர் என்ன சாப்பிட்டால் இவளுக்கு என்ன? வெயில் எல்லோரையும் ஒரு மாதிரி ஆக்குகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை பெய்துகொண்டிருந்தது. மழையிலும் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன். லோகநாயகி ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றைய விஷயத்தை எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆவணி பிறந்துவிட்டது. ஆடியில் கட்டி வைத்திருந்த பத்திரிகைகளை எல்லோரும் இன்று அவிழ்த்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு நஞ்சப்பனும் அவர் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு வந்தார்கள். நான் பாதித் தூக்கத்தில் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். அவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மயில்சாமியும் அவர் மனைவியும் இன்னொரு தட்டோடு வந்தார்கள்.

"மொதப் பத்திரிகை மாரியம்மனுக்குங்," என்றார் மயில்சாமி. "ரெண்டாவது உங்களுக்குத்தானுங். நீங்க இல்லீன்னா இந்தக் கல்யாணமே இல்லீங்."

இரண்டு பத்திரிகைகளும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நஞ்சப்பன் மரியாதைக்கு எட்டிப் பார்த்தார்.

"அட, உங்களுக்கும் நாலாந்தேதிதானுங்களா? எந்த மண்டபமுங்?"

"இந்த மண்டபந்தானுங்," என்றார் மயில்சாமி.

நஞ்சப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒருவருக்கு ஆறிலிருந்து ஏழரை. மற்றவருக்கு ஏழரையிலிருந்து ஒன்பது. ஒரே மேடை. என் தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அச்சாபீஸ்காரன் ஏதோ தப்புப் பண்ணியிருக்கறான்," என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் கல்யாண வீட்டாரிடம் நான் சொன்ன முதல் பொய். நாளைக்குள் சரி செய்துவிடுவதாகச் சொல்லி இரண்டு குடும்பத்தையும் அனுப்பிவைத்தேன்.

அப்புறம் பூங்கோதையைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். நஞ்சப்பன், நாலாம் தேதி காலை ஆறு. மயில்சாமி, நாலாம் தேதி மாலை ஐந்து. "அவங்க மூணு மணிக்குக் காலி பண்ணீருவாங்க. இவங்க அஞ்சு மணிக்கு வரவேற்புக்கு வருவாங்கன்னுதாங் சார் நெனச்சேன்." நான் கருவியைக் காட்டினேன். நஞ்சப்பன், மூன்றாம் தேதி இரவு எட்டரை. மயில்சாமி, நாலாம் தேதி காலை ஏழரை. அவள் எழுதியது அவளிடம் சரியாக இருந்தது, நான் எழுதியது என்னிடம் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பூங்கோதை பரிசோதனை செய்தாள். கணினியில் காலை ஆறு மணிக்கு ஏதோ ஒன்றை எழுதி, சிங்க் செய்து, கருவியைப் பார்த்தாள். முந்தின நாள் இரவு எட்டரை. மறுபடி செய்தாள். மறுபடியும் எட்டரை. என் மாத்திரையைப் பார்த்தாள். அவள் இரவு எட்டு என்றுதான் போட்டிருந்தாள்.

"அப்போ நைட் மாத்திரையையா சார் ஒண்ணரை மாசமாக் காலைல சாப்பிட்டீங்க?"

நான் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

கருவியை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "சார், மேல நியூயார்க்னு இருக்குதுங்களே, இது ஏனுங்?"

"அது சும்மா பேருக்கு."

"பேருக்கு இல்லீங் சார். நீங்க கடிகாரத்தை மட்டும் மாத்தியிருக்கறீங்க. மெஷின் இன்னும் தன்னை நியூயார்க்ல இருக்கறதா நெனச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் ஒன்பதரை மணி நேரம் தள்ளித் தள்ளிக் குடுத்துட்டு இருக்குது. ஊரை ஏனுங் மாத்தலே? பட்டியல்லதான் இருந்திருக்குமே."

பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன் என்று ஜூன் 5 அன்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். திரையில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தால் தாரணி வீட்டு வாசலைப் பார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் காரணம். லோகநாயகி, இதைப் படித்தால் படித்துவிட்டுப் போ.

பூங்கோதை கருவியைத் துடைத்துத் தொட்டிலில் வைத்தாள். அப்புறம், "ரெண்டு மெஷினும் ஒத்துப்போனது அந்தப் பெயிண்ட் ஒண்ணுலதாங் சார்," என்றாள். நேரம் போடாத பதிவு என்பதால் அது மட்டும் நகரவில்லையாம்.

ஆகஸ்ட் 20, புதன்

பதினொரு மண்டபங்களுக்கு போன் செய்தேன். நாலாம் தேதி எங்கும் இல்லை. முதலாளி, "ஒருத்தருக்கு ஏழரைக்கு முடியுது, இன்னொருத்தருக்கு ஏழரைக்கு ஆரம்பிக்குது, ரெண்டையும் நடத்தீர்றது," என்றார். எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் இட்லிக்கு உட்காருவதை அவர் பார்த்ததில்லை. நான் பார்க்க விரும்பவில்லை.

நஞ்சப்பன் முதலில் பதிந்தவர், பத்திரிகையில் பாதியைக் கொடுத்து முடித்துவிட்டார். மயில்சாமி இரண்டுதான் கொடுத்திருக்கிறார். ஒன்று அம்மனிடம் இருக்கிறது, இன்னொன்று என்னிடம்.

ஆவணியில் மண்டபத்தில் மிச்சமிருக்கும் முகூர்த்தம் ஏழாம் தேதி ஒன்றுதான்.

கருவியில் ஊரைப் புது டெல்லி என்று மாற்றினேன். நம் நாட்டுக்கு அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மேல் ஓரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மயில்சாமி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் பத்திரிகைக் கட்டுகள், மஞ்சள் தடவுவதற்கு ஒரு கிண்ணம். அவர் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "வாங்க," என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அச்சாபீஸ் தப்பில்லை, என் தப்பு என்று சொன்னேன். எப்படி என்று விளக்க ஆரம்பித்தேன். நியூயார்க், ஒன்பதரை மணி நேரம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனபோது அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

"பத்திரிகை அடிச்சாச்சுங்களே," என்றார் மயில்சாமி. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழாந்தேதி ஞாயித்துக்கிழமை," என்றேன். "நல்ல முகூர்த்தமுங்க. மண்டபம் உங்களுக்குத்தான்."

"அன்னிக்குப் பெயிண்ட் வேலைன்னு உங்க ஆபீஸ் பொண்ணு சொன்னாங்களே?"

"பெயிண்டர் வரமாட்டான்," என்றேன். சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரையும் குடித்தேன். தண்ணீர் இருந்தது நல்லதாயிற்று.

ஜோசியருக்கு ஆள் போயிற்று. ஏழாம் தேதி ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இதைவிடச் சிறப்பு என்று சொல்லியனுப்பினார். அந்த ஜோசியருக்கு ஒரு பழத்தட்டு கொடுக்க வேண்டும். அச்சாபீஸில் நானே நின்று புதுப் பத்திரிகையைப் பிழை பார்த்தேன்.

அலுவலகத்துக்கு வந்து பெயிண்ட் பதிவை அழித்தேன். குறிப்பையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கருவி கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். மயில்சாமி மூன்று மணிக்குக் காலி செய்துவிடுவார், சாயங்காலம் மண்டபம் சும்மாதான் இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் இன்னொருவர் கட்டிய வாழைமரத்துக்கு அடியிலா? என் பெண்ணுக்கு நானே கட்டுவதாக இருந்தேன்.

இப்போதுதான் கவனிக்கிறேன், இதை எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதுதான்.

ஆகஸ்ட் 30, சனி

கோவையில் வேறு வேலை இருந்தது. அப்படியே விமான நிலையத்துக்கும் போனேன். லோகநாயகி ஸ்வெட்டரோடு வந்தாள்.

தாரணி இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நானும் நின்றேன். "பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றேன். பதினாறு மாதம் யோசித்து வைத்திருந்த பேச்சு அதுவல்ல. அந்தப் பையன் திடீரென்று குனிந்து காலைத் தொட்டுவிட்டான். நகர நேரம் கொடுக்கவில்லை. நிமிர்ந்து, "வணக்கமுங்க மாமா. சௌக்கியமுங்களா?" என்றான். உச்சரிப்பு படுமோசம். ஆனால் இரண்டு இடத்திலும் 'ங்க' போட்டான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாரணியும் அந்தப் பையனும் மண்டபத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். லோகநாயகியும் கூட வந்தாள். அவள் வழக்கமாக அலுவலகப் பக்கம் வருகிறவள் அல்ல. பூங்கோதை, "சார், சிங்க் பண்ணிப் பல நாளாச்சுங். வெச்சு அழுத்துங்க," என்றாள். வைத்தேன். அழுத்தினேன். நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் தேதியைத் திறந்தேன். காலை ஒன்பது, மயில்சாமி. சரி. அதற்குக் கீழே நான் எழுதாத ஒன்று இருந்தது. மாலை ஐந்து, பெயிண்ட்.

குறிப்பைத் திறந்தேன். நான் அழித்தது அப்படியே இருந்தது. 'தாரணி வரவேற்பு. லோகநாயகிக்கு இப்போது சொல்ல வேண்டாம். முந்நூறு இலை. பாதாம் அல்வா, தாரணிக்குப் பிடிக்கும். வாழைமரம் நம் தோட்டத்திலிருந்து. பையனுக்கு மீன் வேண்டும், மண்டபத்தில் கூடாது, என்ன செய்வது? நான் பேசாமல் இருந்ததற்கு என்ன சொல்வது?'

ஜூன் மாதமே கணினிக்குப் போய்விட்டது. இதில் இருப்பது அதற்கும் போகும், அதுதானே சிங்க். ஜூன் 12 அன்று நானே எழுதியிருக்கிறேன். பூங்கோதை படித்திருக்கிறாள், லோகநாயகிக்குச் சொல்லியிருக்கிறாள், லோகநாயகி ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கிறாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றும் அது மட்டும் என் காதில் விழவில்லை.

என் வரிகளுக்கு அடியில் புது வரிகள் இருந்தன. முந்நூறு போதாது, நானூற்றைம்பது. அது லோகநாயகி. பூ, பந்தல் எதையும் பிரிக்க மாட்டோம், வாழைமரத்துக்குப் பக்கத்தில் உங்கள் வாழைமரத்தையும் கட்டுங்கள். இது மயில்சாமி சொல்லிப் பூங்கோதை அடித்தது. மீன் வேண்டாம், அல்வா போதும். இது யார் என்று தெரிந்தது. கடைசிக் கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வரி. ஒன்றும் சொல்ல வேண்டாம் அப்பா.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். திரை தெரியவில்லை. மறுபடி துடைத்தேன்.

"ஏனுங்ப்பா," என்றாள் தாரணி. "பெயிண்ட் என்ன கலருங்?"

"நீயே சொல்லு சாமி," என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நஞ்சப்பன் வீட்டுக் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மாத்திரையை இரவு எட்டுக்குப் போடுகிறேன். பகலில் காற்று நன்றாக வருகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுத நேரமில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று காலை மயில்சாமி மகள் கல்யாணம். மாலையில் பெயிண்ட் வேலை. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. வாசலில் நாலு வாழைமரம். இரண்டு அவருடையது, இரண்டு எங்கள் தோட்டத்தினுடையது. நானூற்றைம்பது இலை போதாமல் எழுபது இலை அவசரமாக வரவழைத்தோம். பந்தல்காரர் பழனிசாமி ஒருவர்தான் வந்தார், அதுவே அதிகமாக இருந்தது. பூங்கோதை பட்டுப்புடவையில் வந்து, பந்தியில் எனக்கே பரிமாறச் சொல்லிக்கொடுத்தாள்.

பரணிலிருந்து நீள நோட்டை இறக்கச் சொல்லியிருக்கிறேன். கணினி இருக்கட்டும், கருவியும் இருக்கட்டும், நோட்டும் கூட இருக்கட்டும். கருவியில் இரண்டாவதாக ஓர் ஊரையும் வைத்துக்கொள்ளலாமாம். அது வெறுமனே நேரத்தை மட்டும் காட்டும், கல்யாணத் தேதிகளில் கை வைக்காது. இன்று காலை உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுத்தது மாப்பிள்ளைதான். நேற்று அவர் மூன்று தடவை அல்வா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.